அரை மில்லிவிநாடிக்காக

செவர்லே கார் மட்டும் விற்பதில்லை. எஞ்சினைத் தனியாகப் பெட்டியில் அடைத்தும் விற்கிறது. பழைய காரையோ ரேஸ் வண்டியையோ தங்கள் கையாலேயே கட்டும் அமெரிக்கர்களுக்கான வியாபாரம் அது. அந்த விலைப்பட்டியலில் மூன்று எஞ்சின்கள் கவனிக்கத்தக்கவை. முதலாவது எல்எஸ்3: 6.2 லிட்டர், எட்டு சிலிண்டர், 430 குதிரைத்திறன், 2008 மாடல் கார்வெட்டில் அறிமுகமானது. அடுத்தது எல்எஸ்376/480. அதற்கும் மேலே எல்எஸ்376/525. 376 என்பது கன அங்குலத்தில் எஞ்சின் கொள்ளளவு, சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது பெயரளவிலான குதிரைத்திறன். பிளாக், பிஸ்டன், சிலிண்டர் ஹெட் எல்லாமே அடிப்படையில் எல்எஸ்3தான். 430-ஐ 525 வரை உயர்த்தியதில் பெரும்பங்கு ஒரே ஒரு இரும்புத் தண்டுக்கு உரியது. அதுதான் கேம்ஷாஃப்ட்.

அப்படியானால் அந்தத் தண்டை மட்டும் வாங்கிச் செருகினால் போதாதா? எல்எஸ் எஞ்சின் வைத்திருக்கும் எவருக்கும் முதலில் தோன்றும் கேள்வி இதுதான். போதாது. ஏன் போதாது என்று புரிந்துவிட்டால் வாங்க வேண்டிய பாகங்களின் பட்டியல் தானாகவே வந்துவிடும்.

எல்எஸ்3-ல் கேம் ஒன்றே ஒன்று. ‘வி’ வடிவ எஞ்சினின் மடியில், கிராங்க்குக்கு நேர் மேலே படுத்திருக்கிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. அதன் மேலுள்ள 16 புடைப்புகளுக்கு லோப் என்று பெயர். லோப் லிஃப்டரைத் தூக்கும், லிஃப்டர் புஷ்ராடைத் தள்ளும், புஷ்ராட் ராக்கரின் ஒரு முனையை உயர்த்தும், ராக்கரின் மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கும். வால்வை மூடுவது கேம் அல்ல, ஸ்பிரிங். பின்னால் வரும் தலைவலிகளில் பாதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

இப்போது மூன்று கேம்களின் கணக்குக்கு வருவோம். எல்எஸ்3-ன் சொந்தக் கேம் காற்று வரும் வால்வை 204 டிகிரிக்குத் திறந்து வைக்கிறது, புகை போகும் வால்வை 211 டிகிரிக்கு. இவை கிராங்க் சுழலும் டிகிரிகள், லிஃப்டர் 1.27 மி.மீ. உயர்ந்த கணத்திலிருந்து மீண்டும் அதே உயரத்துக்கு இறங்கும் கணம் வரை அளந்தவை. 480-க்குள் இருப்பது செவர்லேயின் தாய்க் கம்பெனியான ஜிஎம் ‘ஹாட் கேம்’ என்று விற்கும் சரக்கு: 219-க்கு 228. 525-க்குள் இருப்பது ஏஎஸ்ஏ என்ற ரேஸ் தொடருக்காக உருவான கேம்: 226-க்கு 236. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் கிராங்க் ஒரு விநாடியில் 36,000 டிகிரி சுழல்கிறது. அதில் 204 டிகிரி என்பது 5.67 மில்லிவிநாடி, 219 டிகிரி என்பது 6.08, 226 டிகிரி என்பது 6.28. ஆக, நூறு குதிரைக்குச் சற்றே குறைவான இந்தப் பாய்ச்சலுக்கு வால்வு கூடுதலாகத் திறந்திருந்த நேரம் அரை மில்லிவிநாடியும் கொஞ்சமும்.

வால்வு இன்னும் ஆழமாகத் திறப்பதால்தான் சக்தி கூடுகிறது என்று பலர் நம்புகிறார்கள். இந்த மூன்று கேம்களும் அந்த நம்பிக்கைக்குச் சாட்சி சொல்ல மறுக்கின்றன. எல்எஸ்3-ன் சொந்தக் கேம் காற்று வால்வைச் சுமார் 14 மி.மீ. திறக்கிறது. ஹாட் கேமும் ஏஎஸ்ஏ கேமும் 13.3 மி.மீ.தான் திறக்கின்றன. ஆழம் குறைந்தது, சக்தி கூடியது. விளம்பரத்தில் லிஃப்ட் எண்ணைக் கொட்டை எழுத்தில் போடுபவர்களை நான் இதனால்தான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிறேன்.

பிறகு சக்தி எங்கிருந்து வந்தது? காற்று லோபின் உச்சிக்கும் புகை லோபின் உச்சிக்கும் இடையிலுள்ள கோணத்தை லோப் செபரேஷன் என்பார்கள். எல்எஸ்3-ல் அது 117 டிகிரி, ஹாட் கேமில் 112, ஏஎஸ்ஏவில் 110. திறந்திருக்கும் நேரம் நீண்டது, உச்சிகள் நெருங்கின. இரண்டும் சேர்ந்தால் ஒரு சுழற்சியின் முடிவில் புகை வால்வு மூடுவதற்குள் அடுத்த சுழற்சிக்கான காற்று வால்வு திறந்துவிடுகிறது. இரண்டும் ஒருசேரத் திறந்திருக்கும் அந்த இடைவேளைதான் ஓவர்லாப். காற்று, புகை வால்வுகள் திறந்திருக்கும் டிகிரிகளின் சராசரியிலிருந்து லோப் செபரேஷனின் இரு மடங்கைக் கழித்தால் கிடைக்கும். எல்எஸ்3-க்கு அது மைனஸ் 26.5 டிகிரி, அதாவது 1.27 மி.மீ. அளவில் பார்த்தால் ஓவர்லாப்பே இல்லை. ஹாட் கேமுக்கு மைனஸ் அரை. ஏஎஸ்ஏவுக்கு பிளஸ் 11.

கேமை முன்னே பின்னே நகர்த்தாமல் நேராகப் பூட்டியதாக வைத்து இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். எல்எஸ்3-ன் சொந்தக் கேமோடு ஒப்பிட்டால் ஏஎஸ்ஏ கேம் காற்று வால்வை 4 டிகிரி மட்டுமே தாமதமாக மூடுகிறது; ஆனால் 18 டிகிரி முன்னதாகத் திறந்துவிடுகிறது. கூடுதல் நேரத்தில் பெரும்பகுதி திறக்கும் பக்கம்தான் போயிருக்கிறது. பிஸ்டன் கீழிறங்கத் தொடங்கும் முன்பே வாசல் திறந்தாகிவிட்டது. சூடான புகை எக்ஸாஸ்ட் குழாயில் வேகமாகப் பாய்ந்து போகும்போது தனக்குப் பின்னால் அழுத்தக் குறைவை விட்டுச் செல்கிறது. அந்தக் குறைவு, திறந்திருக்கும் காற்று வால்வு வழியாகப் புதுக் காற்றை உள்ளே இழுக்கிறது. பிஸ்டன் வேலையைத் தொடங்குவதற்குள் காற்று நகரத் தொடங்கியிருக்கும்.

பட்டியலில் முதல் பாகம் இங்கேயே வந்துவிட்டது, அது கேம்கூட இல்லை. இழுப்பு உண்டாக வேண்டுமானால் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வரும் புகை நீளமான தனிக் குழாயில் ஓடி, பிறகு மற்றவற்றோடு சேர வேண்டும். அப்படிப்பட்ட எக்ஸாஸ்ட் குழாய்க்கட்டுக்கு லாங் டியூப் ஹெடர் என்று பெயர். ஓவர்லாப் உள்ள கேமைப் போட்டுவிட்டுக் கம்பெனியின் குட்டையான எக்ஸாஸ்ட்டை அப்படியே வைத்திருந்தால் ஓவர்லாப்பின் தொல்லை முழுதாகக் கிடைக்கும், ஆதாயம் அரைகுறையாகத்தான் கிடைக்கும்.

தொல்லை என்னவென்றால் ஐடிலிங். எஞ்சின் மெல்ல ஓடும்போது உள்ளே வரும் காற்றின் பாதை கிட்டத்தட்ட மூடியிருக்கும். இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் குறைவு, எக்ஸாஸ்டில் அதிகம். இரண்டு வால்வும் திறந்த கணத்தில் எரிந்த புகை வந்த வழியே திரும்பி உள்ளே நுழைகிறது. அடுத்த முறை பொறி விழும்போது சிலிண்டரில் எரியத்தக்க கலவை போதாது. சில சுற்றுகள் எரியும், சில எரியாது. அந்த விட்டுவிட்டு உறுமும் ஓசைக்காகவே கேம் மாற்றுபவர்கள் அமெரிக்காவில் ஏராளம். சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரேக்கை இலகுவாக்கும் பூஸ்டர் இந்த மேனிஃபோல்டின் வெற்றிடத்தை நம்பித்தான் வேலை செய்கிறது. வெற்றிடம் குறைந்தால் பிரேக் மிதி கட்டையாகிவிடும். பெரிய கேம் போடுபவர் மின்சார வெற்றிடப் பம்ப் ஒன்றையும் பெட்டியில் சேர்த்தாக வேண்டும். இது ஒலியைப் பற்றிய விஷயம் அல்ல, வண்டி நிற்குமா நிற்காதா என்ற விஷயம்.

இந்தப் பித்து இன்று நேற்று வந்ததல்ல. 1956 ஜனவரியில் ஃப்ளோரிடாவின் டேடோனா கடற்கரை மணலில் ஸோரா அர்கஸ் டன்டோவ் என்ற செவர்லே எஞ்சினியர் கார்வெட்டை மணிக்கு 150 மைலுக்கு மேல் ஓட்டிக் காட்டினார். அவரே வடிவமைத்த கேம் அதில் இருந்தது. ‘டன்டோவ் கேம்’ என்ற பெயரிலேயே அது அந்த வருடக் கார்வெட்டுக்கு விலைக்கும் வந்தது. மேற்குக் கடற்கரையில் எட் இஸ்கெண்டேரியன் போன்றவர்கள் சிறு பட்டறையில் கேம் சாணை பிடிக்கத் தொடங்கிப் பெரிய தொழிலாக வளர்ந்தார்கள். அன்றைக்கும் லோபின் வடிவம் காகிதத்தில் ஒரு வளைகோடுதான். அந்தக் கோட்டின்படி வால்வு நடக்கிறதா என்பது மற்ற பாகங்களின் கையில் இருந்தது, இன்றும் அப்படித்தான்.

என் கட்சி இதுதான்: கேம் மாற்றும் திட்டத்தில் கேமைக் கடைசியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். திட்டத்துக்கே அதன் பெயர் இருப்பதால் எல்லோரும் அதை முதலில் வாங்கிவிட்டு, பிறகு மற்றவற்றை அதற்கு ஏற்ப வளைக்கப் பார்க்கிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, பானெட்டுக்குக் கீழே இருப்பது எந்த எஞ்சின் என்பது. 2010 முதல் 2015 வரை வந்த கமாரோ எஸ்எஸ் காரையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியில் ஒரே வண்டி. கையால் கியர் மாற்றும் வண்டியில் எல்எஸ்3, 426 குதிரைத்திறன். ஆட்டோமேட்டிக்கில் எல்99, 400 குதிரைத்திறன். இந்த எல்99-ல் இரண்டு கூடுதல் வித்தைகள் உண்டு. நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது எட்டில் நான்கு சிலிண்டர்களை அது தூங்க வைத்துவிடும்: 1, 4, 6, 7. அதற்காக அந்த நான்கிலும் எண்ணெய் அழுத்தத்தால் பூட்டுத் திறந்து தளர்ந்துகொடுக்கும் தனி வகை லிஃப்டர்கள். கூடவே, ஓடும்போதே கேமின் நேரத்தை முன்னும் பின்னும் நகர்த்தும் ஃபேசர். பெரிய லோபும் உயர்ந்த சுற்றும் அந்தத் தளர்லிஃப்டர்களுக்கு ஒத்துவராது. அவற்றை மாற்ற வேண்டுமானால் சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டும். ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கெட் புதிது. ஹெட் போல்ட்டுகளும் புதிது, ஏனென்றால் அவை இறுக்கும்போதே மீளாமல் நீளும் வகை, ஒரு முறைக்குத்தான். 16 லிஃப்டர், அவற்றைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் தட்டுகள், ‘வி’யின் மடியை மூடும், எண்ணெய் வால்வுகள் இல்லாத சாதா கவர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். எல்எஸ்3 வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு இதில் ஒன்றுகூட வேண்டியிருக்காது.

அவருக்கு ஹெட்டைக் கழற்றாமலே கேமை உருவிவிடலாம். எல்எஸ் குடும்பத்தின் மிக அழகான தற்செயல் இது என்பேன். ராக்கர்களையும் புஷ்ராடுகளையும் எடுத்துவிட்டு, கேமைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றினால் லோபுகள் எல்லா லிஃப்டர்களையும் மேலே தள்ளும். பிளாஸ்டிக் தட்டின் பிடியில் அவை அப்படியே ஒட்டி நின்றுவிடும். கீழே வழி கிடைத்ததும் கேமை முன்பக்கமாக உருவலாம். பல வருடம் சூட்டில் வெந்த பிளாஸ்டிக்கின் பிடி தளர்ந்திருக்கும் என்பதால், முன்பக்கத் துளைகள் வழியாக நீளமான இரண்டு கம்பிகளைச் செருகி லிஃப்டர்களுக்குத் தாங்கல் கொடுப்பார்கள். தப்பித்தவறி ஒன்று நழுவி விழுந்தால் ஒரு நாள் வேலை ஒரு வார வேலையாகிவிடும். எஞ்சின் நிறைய ஓடியிருந்தால் இந்தக் குறுக்குவழி வேண்டாம். ஹெட்டைத் திறந்து லிஃப்டர்களையும் மாற்றிவிடுவதே மேல்.

அடுத்தது, வண்டி எதற்கு என்பது. அலுவலகம் போய்வரவா, வார இறுதியில் கால் மைல் பந்தயத்துக்கா? ஆட்டோமேட்டிக் என்றால் டார்க் கன்வெர்ட்டரையும் பார்க்க வேண்டும். சக்கரம் அசையாமல் நிற்க, எஞ்சின் எவ்வளவு சுற்று வரை ஏற முடியும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ஓவர்லாப் அதிகமான கேம் குறைந்த சுற்றில் மந்தமாக இழுக்கும். கம்பெனி கன்வெர்ட்டர் எஞ்சினை அந்த மந்தமான இடத்திலேயே கட்டிப்போட்டுவிடும். 3,000 சுற்றை ஒட்டி நழுவவிடும் கன்வெர்ட்டரைப் போட்டால் எஞ்சின் நேராகத் தன் பலமான இடத்துக்குத் தாவும். கன்வெர்ட்டருக்குக் காசில்லை என்றால் கேமைச் சிறிதாக்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். இரண்டையும் செய்யாமல் பெரிய கேமைப் போட்டவர்களின் கார்கள் சிக்னலில் உறுமும், பச்சை விழுந்ததும் சாதாக் கார் முந்திப் போகும்.

இவையெல்லாம் முடிவான பிறகு கேமின் எண்கள் கிட்டத்தட்ட வரையறுக்கப்பட்டுவிடும். இனி, அந்த எண்களின்படி வால்வை நடக்க வைக்க வேண்டிய ஸ்பிரிங்குக்கு வருகிறேன். இந்த வேலையின் உயிர்நிலை இதுதான்.

எல்எஸ்3-ன் சிவப்புக் கோடு 6,600 சுற்று. அந்த வேகத்தில் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 55 முறை திறந்து மூடுகிறது. வால்வின் அசைவைச் சீரான அலைவாக எண்ணித் தோராயமாகக் கணக்கிட்டால், 13.3 மி.மீ. தூரத்தைக் கடக்கும் வால்வு உச்சியில் திரும்பும்போது புவியீர்ப்பைப்போல் ஐந்நூறு மடங்குக்கு மேலான முடுக்கத்தைத் தாங்குகிறது. அசல் லோபின் வளைவு இவ்வளவு எளிமையானதல்ல, ஆனாலும் அளவு புரிந்துவிடும். வால்வு, ஸ்பிரிங், அதன் மேல்முனையைப் பிடிக்கும் தொப்பி, ராக்கர், லிஃப்டர் எல்லாவற்றின் பங்கையும் சேர்த்து அசையும் எடை 200 கிராம் என்று வைத்தால், அதைத் திருப்பி அனுப்ப நூறு கிலோவுக்கு மேல் விசை வேண்டும். கேம் தள்ளும், ஆனால் இழுக்காது. திருப்பி அனுப்பும் பொறுப்பு முழுக்க ஸ்பிரிங்கின் தலையில்தான். வேகம் கூடினால் இந்த விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 6,000-லிருந்து 7,000-க்குப் போக 36 சதவீதம் கூடுதல் விசை தேவை.

ஸ்பிரிங் தோற்றால் லிஃப்டர் லோபை விட்டு எழும்பிப் பறக்கும். வால்வு தன் நேரத்துக்கு மூடாது. மூடும்போதும் இருக்கையில் மோதித் துள்ளும். மேலே வரும் பிஸ்டன் அதற்காகக் காத்திருக்காது.

விசை போதுமானதாக இருந்தாலும் இன்னொரு வில்லங்கம் உண்டு. சுருள் ஸ்பிரிங்குக்குச் சொந்தமான ஓர் அதிர்வெண் இருக்கிறது. கேமின் தாளத்திலுள்ள ஏதோ ஒரு மடங்கு அதோடு ஒத்துவிட்டால் ஸ்பிரிங்கின் நடுச்சுருள்கள் தாமாகவே ஆடத் தொடங்கும். இரு முனையும் ஒழுங்காக இருப்பதுபோல் தெரிய, நடுவில் புயல். அந்த நேரத்தில் ஸ்பிரிங்கின் விசை காகிதத்தில் எழுதியிருக்கும் அளவில் இருக்காது. தேன்கூடு வடிவத்தில் மேலே குறுகிவரும் பீஹைவ் ஸ்பிரிங்கில் சுருள்களின் விட்டம் மாறிக்கொண்டே போவதால் ஒரே அதிர்வெண்ணில் சிக்குவதில்லை. மேல்முனை சிறிதாக இருப்பதால் அதன் தொப்பியும் இலேசு. வால்வு பக்கத்தில் எடை குறைவது தனி ஆதாயம். ராக்கரின் விகிதம் 1.7 என்பதால், வால்வு முனையில் ஒரு கிராம் குறைப்பது லிஃப்டர் பக்கத்தில் ஏறக்குறைய மூன்று கிராம் குறைப்பதற்குச் சமம். எல்எஸ்3-ன் காற்று வால்வுக்கு ஜிஎம் உள்ளீடற்ற தண்டு கொடுத்தது இந்தக் கணக்கால்தான்.

இரட்டை ஸ்பிரிங் வேறு வழி. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுருள்கள். ஒன்று ஆடினால் மற்றது உரசி அடக்கும். ஒன்று உடைந்தாலும் வால்வு சிலிண்டருக்குள் விழாது. 15 மி.மீ.க்கு மேல் திறக்கும் கேம் என்றால் நான் யோசிக்காமல் இரட்டைக்கே கை தூக்குவேன். அதற்காகக் கிடைக்கும் மிகக் கெட்டியான ஸ்பிரிங்கை வாங்கிவிடக் கூடாது. தேவைக்கு மீறிய விசை ஹைட்ராலிக் லிஃப்டருக்குள் இருக்கும் எண்ணெயைப் பிதுக்கி அதை அமுக்கிவிடும், லோபைத் தேய்க்கும், ராக்கரின் ஊசி பேரிங்கைச் சிதைக்கும். கம்பெனி ராக்கரின் அந்த ஊசிகளைப் பக்கவாட்டில் பிடித்து வைக்க ஒன்றுமில்லை. வெளியே வந்தால் எஞ்சின் முழுக்க ஊசி மழைதான். அந்தக் குறையைத் தீர்க்கும் ட்ரன்னியன் கிட் என்ற சின்னப் பொட்டலம் பட்டியலில் இடம்பிடிப்பது இதனால். எல்எஸ்3-ன் காற்று வால்வு ராக்கர்கள் ஒரு பக்கம் ஒதுங்கிய வடிவில் வார்க்கப்பட்டவை என்பதால், பழைய எல்எஸ்1 வண்டியிலிருந்து கழற்றிய மலிவு ராக்கர்கள் அங்கே பொருந்தாது.

ஸ்பிரிங் வாங்கும்போது பார்க்க வேண்டிய ஒரு கழித்தல் கணக்கு உண்டு. பூட்டிய நிலையில் ஸ்பிரிங்கின் உயரம் 45.7 மி.மீ. என்று வையுங்கள். வால்வு 15.2 மி.மீ. திறந்தால் 30.5 மிச்சம். சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி இரும்புக் கட்டியாகும் உயரம் 28.9 என்றால் இடைவெளி 1.6 மி.மீ. இது போதும். இதில் பாதிதான் இருக்கிறது என்றால் அந்த ஸ்பிரிங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தொப்பியின் அடிப்பாகம் வால்வு சீலில் இடிக்கிறதா என்றும் அதே கையோடு பார்த்துவிட வேண்டும். ஸ்பிரிங்கை எடுக்கும்போது வால்வு சீல்களும் எப்படியும் மாறும்.

புஷ்ராட் விஷயத்தில்தான் பலர் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள். எல்எஸ் ராக்கரில் திருகி சரிசெய்ய ஏதுமில்லை. போல்ட்டை இறுக்கினால் முடிந்தது. ஆகவே லிஃப்டருக்குள் இருக்கும் சிறு பிஸ்டன் எவ்வளவு அழுந்தியிருக்கும் என்பதைத் தீர்மானிப்பது புஷ்ராடின் நீளம் ஒன்றுதான். பெரிய லோபைச் செதுக்க இடம் வேண்டுமென்று சில கேம்களில் லோபின் அடிவட்டத்தைச் சிறிதாக்கியிருப்பார்கள். அடிவட்டத்தின் விட்டம் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் லிஃப்டர் அரை மில்லிமீட்டர் கீழே இறங்கி உட்காரும். பழைய புஷ்ராட் அங்கே குட்டை. ஹெட்டை மழித்திருந்தாலோ, மெல்லிய கேஸ்கெட் போட்டிருந்தாலோ, அதே புஷ்ராட் நெட்டை.

அளக்கும் முறை எளிது. திருகினால் நீளும் புஷ்ராட் ஒன்று கடையில் கிடைக்கும். அந்தச் சிலிண்டரின் லிஃப்டர் அடிவட்டத்தில் இருக்கும்படி கேமை நிறுத்தி, இதை வைத்து ராக்கரை முழுதாக இறுக்க வேண்டும். பிறகு விரல்களால் புஷ்ராடை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே மெல்லத் திருகி நீட்ட வேண்டும். ஆட்டம் நின்று, ஆனால் விரலால் இன்னும் உருட்ட முடிகிற ஒரு நிலை வரும். அந்த நீளத்தோடு லிஃப்டர் தயாரிப்பாளர் சொல்லும் அழுத்த அளவைக் கூட்டினால் வாங்க வேண்டிய புஷ்ராட் தெரிந்துவிடும். ஒரு வால்வை மட்டும் அளந்து திருப்தியடையாமல் காற்று வால்வு, புகை வால்வு இரண்டிலும், இரண்டு ஹெட்டிலும் அளப்பது நல்லது. தடித்த சுவருள்ள குழாய்ப் புஷ்ராடையே வாங்குங்கள். மெல்லியது சுமையில் வில்லாக வளைந்து, பிறகு நிமிரும்போது வால்வை எகிறவிடும். இங்கே சில கிராம் கூடுவதால் நட்டமில்லை, விறைப்புதான் முக்கியம்.

அளந்துதான் புஷ்ராட் வாங்க வேண்டும் என்பதால், கேம் உள்ளே போகும் வரை அதை வாங்கவே முடியாது. எல்லாவற்றையும் ஒரே பார்சலில் வரவழைத்துச் சனிக்கிழமை காலையில் தொடங்கி ஞாயிறு மாலைக்குள் முடிக்கலாம் என்ற கனவு இந்த இடத்தில் உடையும்.

வால்வும் பிஸ்டனும் முட்டுமா என்ற பயத்திலும் ஒரு தவறான கணக்கு இருக்கிறது. லிஃப்ட் அதிகமான கேம்தான் ஆபத்து என்று நினைக்கிறார்கள். வால்வு முழு ஆழத்தில் இருக்கும்போது பிஸ்டன் எங்கோ கீழே இருக்கும். ஆபத்து ஓவர்லாப் நேரத்தில்தான்: பிஸ்டன் உச்சியைத் தொட்டு நிற்க, புகை வால்வு மூடிக்கொண்டும் காற்று வால்வு திறந்துகொண்டும் இருக்கும் அந்தச் சில டிகிரிகளில். ஆகவே திறந்திருக்கும் நேரமும் லோப் செபரேஷனும்தான் இதைத் தீர்மானிக்கின்றன. ஹெட் கழற்றிய எஞ்சினில் பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, ஹெட்டைப் பூட்டி, கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, மறுபடி கழற்றி, வால்வு பதிந்த இடத்தில் களிமண்ணின் கனத்தை அளப்பார்கள். காற்று வால்வுக்கு 2 மி.மீ., அதிகம் சூடாகி நீளும் புகை வால்வுக்கு 2.5 மி.மீ. இருந்தால் நிம்மதி.

முன்பக்கத்தில் கேமை அடைய வாட்டர் பம்ப், கிராங்க்கின் பேலன்சர், டைமிங் கவர் எல்லாம் வெளியே வர வேண்டும். பேலன்சரைப் பிடித்திருக்கும் பெரிய போல்ட் ஒரு முறைக்கானது. அந்தப் பேலன்சருக்கும் கிராங்க்குக்கும் நடுவே சாவிக்கட்டை எதுவும் கிடையாது. வெறும் இறுக்கத்தில்தான் நிற்கிறது. பழைய போல்ட்டையே போட்டுச் சிக்கனம் பிடிக்கும் இடம் இதுவல்ல. கேம் கியரில் ஒரு போல்ட்டா மூன்று போல்ட்டா என்பது எஞ்சினின் வருடத்தைப் பொறுத்து மாறும். கேம் ஆர்டர் கொடுக்கும் முன் இதைப் பார்க்காவிட்டால் அழகான கேமும் பொருந்தாத கியரும் கையில் இருக்கும். டைமிங் செயினையும் மாற்றுவதென்றால் ஆயில் பம்ப் வெளியே வரும். பம்ப் வந்தால் எண்ணெய் உறிஞ்சும் குழாயின் முனையிலுள்ள ரப்பர் வளையமும் புதிதாக வேண்டும். எல்எஸ் எஞ்சின்களில் இந்த வளையம் ஒரே அளவில் வருவதில்லை. தவறான அளவில் போட்டாலோ, பூட்டும்போது நசுங்கிக் கிழிந்தாலோ, பம்ப் எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சும். அழுத்தம் விழும். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் ரப்பர், பேரிங்குகளை மொத்தமாகத் தின்றுவிடும்.

பாகங்கள் முடிந்தன என்று நினைக்கும்போது கம்ப்யூட்டர் இருக்கிறது. எஞ்சினின் மூளைக்குள் பழைய கேமுக்கான காற்றுக் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. ஓவர்லாப்பில் எரியாமல் நழுவிப்போகும் காற்றை எக்ஸாஸ்டிலுள்ள ஆக்சிஜன் சென்சார் பார்த்துவிட்டு, கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று தப்பாகச் சொல்லும். கம்ப்யூட்டரும் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். ஐடிலிங் வேகத்தை உயர்த்தி, குறைந்த சுற்றில் சென்சாரின் பேச்சை எவ்வளவு நம்ப வேண்டும் என்று மாற்றி, காற்று அட்டவணையைத் திருத்தி எழுத வேண்டும். எல்99 என்றால் சிலிண்டர் தூங்கும் வித்தையையும் அங்கேதான் அணைக்க வேண்டும். இதைச் செய்யும் ட்யூனரின் கூலியை முதல் நாளிலேயே பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள். கலிஃபோர்னியாவில் காற்று வாரியத்தின் அனுமதி எண் இல்லாத கேமைப் பொதுச் சாலை வண்டியில் போடுவது சட்டமீறல். மற்ற மாநிலங்களிலும் புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்களைச் சிதைப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. ‘பந்தயத்துக்கு மட்டும்’ என்ற சிறிய எழுத்து பல கேம் பெட்டிகளின் மேல் இருப்பது அலங்காரத்துக்கு அல்ல.

எல்லாம் பூட்டி ஓடத் தொடங்கிய பிறகும் ஸ்பிரிங்கை மறந்துவிட முடியாது. கம்பெனிக் கேமின் மென்மையான வளைவில் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஸ்பிரிங், செங்குத்தான லோபில் அவ்வளவு தூரம் வராது. சூட்டிலும் அழுத்தத்திலும் மெல்ல விசை இழக்கும். அதிகச் சுற்றில் எஞ்சின் திடீரெனத் தட்டுத் தடுமாறினால் பிளக்கையும் கம்ப்யூட்டரையும் குடைவதற்கு முன், வால்வு கவரைத் திறந்து ஸ்பிரிங்கின் விசையை அளந்து பாருங்கள். முதல் ஆர்டரிலேயே இன்னொரு செட் ஸ்பிரிங்கும் வால்வு சீலும் சேர்த்து வாங்கி அலமாரியில் வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய வண்டிகள்தான் அடுத்த வருடமும் ஓடுகின்றன.